ஆஷ் பண்ண கோடு சோதனை "மனுஷங்க ஆட்டுமந்தை"ன்னு சொல்லுதா? எனக்கு அப்படி தெரியல

வெள்ளைப்பலகை:

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற விஷயம், இங்க உளவியல் படிச்சவங்க நிறைய பேர் இருக்கீங்க அதனால போடறேன். வீடியோ, ட்ரெயினிங் க்ளாஸ், மேடைப் பேச்சு எங்க பாத்தாலும் ஆஷ் சோதனைன்னு ஒண்ண எடுத்து விடறாங்க. தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 1950கள்ல அமெரிக்காவுல ஸ்வார்த்மோர் காலேஜ்ல இருந்த சாலமன் ஆஷ், ஏழெட்டு மாணவர்கள ஒரு ரூம்ல உக்கார வெச்சு ஒரு கோட்ட காட்டுவார், பக்கத்துல மூணு கோடு இருக்கும், எது முதல் கோட்டோட நீளம்னு ஒவ்வொருத்தரா வாய்விட்டு சொல்லணும். அதுல ஒரே ஒருத்தர்தான் நிஜமான ஆள், மத்தவங்க எல்லாரும் முன்கூட்டியே பேசி வெச்சவங்க. முதல் ரெண்டு ரவுண்டு எல்லாரும் சரியா சொல்வாங்க, அப்புறம் திடீர்னு எல்லாரும் ஒரே குரல்ல தப்பான கோட்ட சொல்ல ஆரம்பிப்பாங்க. மொத்தம் 18 ரவுண்டு, அதுல 12ல இப்படி தப்பு. நம்ம ஆள் கிட்டத்தட்ட கடைசியில உக்காந்திருப்பார், தன் முறை வர்றதுக்குள்ள அத்தன பேர் சொன்னதயும் கேட்டாகணும்.

இதுல எல்லாரும் சொல்ற நம்பர் என்ன, "முக்கால்வாசி பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட சேர்ந்து தப்பா சொன்னாங்க". உண்மைதான். ஆனா அதே ஆராய்ச்சியில 123 பேரோட மொத்த பதில எடுத்தா தப்பு 36.8 சதவீதம்தான். அப்படின்னா கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பதில், எதிர்ல மொத்த ரூமும் வேற சொல்லும்போதும் சரியா வந்திருக்கு. நாலுல ஒருத்தர் ஒரு தடவ கூட மசியல. (தனியா உக்காந்து செஞ்சா தப்பு ஒரு சதவீதத்துக்கும் கம்மி, அதனால அழுத்தம் இருந்ததுல சந்தேகமே இல்ல, அத நான் மறுக்கல.)

ஆஷே இத அடிமைத்தனத்துக்கு ஆதாரமா மட்டும் பாக்கல, மனுஷங்க எப்படி தாக்குப்பிடிக்கறாங்கங்கறதும் அவருக்கு அதே அளவுக்கு முக்கியமா இருந்துச்சு. அந்த பாதி எங்க போச்சு? பாடப்புத்தகத்துலயே காணோம். "நீங்க எல்லாரும் கூட்டம் சொல்றத கேக்கற ஜென்மம்"னு பதினெட்டு வயசு பசங்ககிட்ட சொல்லி சொல்லி வளர்த்தா அவங்க எதுக்கு எதிர்த்து நிக்கணும்னு நினைப்பாங்க? எனக்கு இது நெஜமாவே கவலையா இருக்கு. மத்தவங்க என்ன நினைக்கறீங்க?


மூணாவதுபெஞ்ச்:

நல்ல பதிவு, ஆனா முழுசா ஒத்துக்க முடியல. கேள்வி என்னங்கறத பாருங்க. அரசியல் கேள்வி இல்ல, தர்ம நியாயம் இல்ல, கண்ணுக்கு முன்னாடி இருக்கற கோடு. அதுல மூணுல ஒரு பதில் தப்பா போகுதுன்னா அது சின்ன விஷயமா? கோடுகளுக்கு நடுவுல 7 அங்குலம் வித்தியாசம் வெச்சு பாத்தும் சிலர் கூட்டத்தோட போனாங்கன்னு ஆஷே எழுதியிருக்காரு. இவ்ளோ தெளிவான விஷயத்துலயே இந்த நிலைமைன்னா பதில் யாருக்குமே சரியா தெரியாத விஷயங்கள்ல என்ன ஆகும்னு யோசிங்க. பயப்பட வேண்டிய ரிசல்ட்தான் இது, பயத்த நாம மூடி மறைக்க வேண்டாம்.


சதுரகணக்கு:

நடுவுல ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும், "இது அந்த காலத்து அமெரிக்கா, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு பயந்த காலம், இப்ப நடக்குமா"ன்னு. வரட்டும்னு காத்திருக்காம இப்பவே சொல்லிடறேன்.

1980ல பிரிட்டன்ல பெரின், ஸ்பென்சர்னு ரெண்டு பேர் இன்ஜினியரிங், கணக்கு, வேதியியல் மாணவர்கள வெச்சு செஞ்சு பாத்தாங்க. 396 வாய்ப்புல ஒரே ஒரு தடவதான் ஒருத்தர் கூட்டத்தோட போனார். ஆஷ் ரிசல்ட் அந்த காலத்தோட குழந்தைன்னு எழுதினாங்க. ஆனா அதே ஆளுங்க நன்னடத்தை கண்காணிப்புல இருந்த இளைஞர்கள நடுவுல வெச்சு, சுத்தி அவங்கள கண்காணிக்கற அதிகாரிகளயே உக்கார வெச்சப்போ பழைய அளவு திரும்ப வந்துடுச்சு. மாறினது மனுஷன் இல்ல, எதிர்ல யாரு உக்காந்திருக்காங்க, எதிர்த்தா நமக்கு என்ன ஆகும்ங்கறதுதான் மாறுது.

1996ல பாண்ட், ஸ்மித் ரெண்டு பேரும் 17 நாட்டுல நடந்த 133 ஆராய்ச்சிய ஒண்ணா சேர்த்து பாத்தாங்க. அமெரிக்காவுல 1950களுக்கு அப்புறம் அளவு குறைஞ்சுட்டே வந்திருக்கு, கூட்டு வாழ்க்கைக்கு அதிக மதிப்பு குடுக்கற சமூகங்கள்ல அளவு கொஞ்சம் அதிகம். சரி குறைஞ்சு போச்சுன்னு விட்டுடலாமா? முடியாது. 2023ல ஸ்விட்சர்லாந்துல ஃபிரான்சனும் மேடரும் திரும்ப செஞ்சாங்க, தப்பு 33 சதவீதம். எழுபது வருஷத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட அதே நம்பர்! சரியா சொன்னா காசுன்னு சொல்லியும் 25க்குதான் இறங்குச்சு. கோட்ட விட்டுட்டு அரசியல் கருத்த கேட்டப்போ 38 சதவீதம் கூட்டத்தோட போச்சு.

அதனால மூணாவதுபெஞ்ச் பயப்படறதுல நியாயம் இருக்கு.


வெள்ளைப்பலகை:

> பயப்பட வேண்டிய ரிசல்ட்தான் இது

பயப்படுங்க, ஆனா எதுக்கு பயப்படணும்னு சரியா பாத்து பயப்படுங்கன்னுதான் நான் சொல்றேன். ஆஷ் அதோட நிறுத்தல. எதிர்ல ஒரே ஒருத்தர் மட்டும் தப்பா சொன்னா பாதிப்பு கிட்டத்தட்ட இல்ல. ரெண்டு பேர்னா தப்பு 13.6 சதவீதம். மூணு பேர்னா 31.8. அதுக்கு மேல ஆள் சேர்த்தா பெருசா ஏறவே இல்ல! பதினஞ்சு பேர் வெச்சாலும் மூணு பேர் வெச்சாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ வேலை செய்யறது தலை எண்ணிக்கை இல்ல, "எல்லாரும்"ங்கற அந்த ஒருமனசுதான்.

அந்த ஒருமனச உடைச்சா என்ன ஆச்சு பாருங்க. கூட்டத்துல ஒருத்தர மட்டும் சரியான பதில் சொல்ல வெச்சார், தப்பு முன்ன இருந்ததுல நாலுல ஒரு பங்கா இறங்கிடுச்சு. இதவிட என்னை அசர வெச்சது இன்னொண்ணு, அந்த ஒருத்தர் சரியா கூட சொல்லல, கூட்டத்த விட மோசமான தப்பான கோட்ட சொல்றார், அப்பவும் நம்ம ஆளோட தப்பு 9 சதவீதத்துக்கு விழுந்துடுச்சு. அதாவது அவருக்கு தேவைப்பட்டது சரியான பதில் இல்ல, அது அவர் கண்ணுக்கே தெரியும். இந்த ரூம்ல வேற மாதிரி சொல்றதுக்கு இடம் இருக்குங்கறது தெரிஞ்சா போதும். இத எந்த வீடியோவுலயும் நான் கேட்டதில்ல. இதுதான் அந்த ஆராய்ச்சியோட உயிர்னு எனக்கு தோணுது.


இரவுக்குருவி:

நான் உளவியல் படிச்சது கிடையாது, வேலை செய்யற இடத்துல நடக்கறத வெச்சு கேக்கறேன். எங்க டீம் மீட்டிங்ல மேலதிகாரி ஒரு திட்டம் சொன்னா ஒருத்தர் கூட எதிர்ப்பு சொல்ல மாட்டாங்க, "நல்லா இருக்கு சார், பண்ணிடலாம்"னு எல்லாரும் சொல்லிட்டு வெளிய வந்தவுடனே ஒவ்வொருத்தரா என்கிட்ட "இது நடக்காத காரியம்"னு சொல்றாங்க. ஆளுக்கு ஆள் தனியாதான் சொல்றாங்க, நாலு பேரும் அப்படித்தான் நினைக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எனக்கு அடுத்த வாரம் ஒரு மீட்டிங் இருக்கு அதுல ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன், வாய் வரமாட்டேங்குது. இதுவும் அந்த கோடு கதையும் ஒண்ணுதானா? அந்த மாணவர்கள் நெஜமாவே தப்பான கோட்ட சரின்னு பாத்தாங்களா, இல்ல தெரிஞ்சே சொன்னாங்களா?


கருமேகம்:

இரவுக்குருவி நீங்க கேட்டது இந்த துறையிலயே பெரிய கேள்வி. நான் மேற்படிப்புல இத எடுத்தவ, கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

சோதனை முடிஞ்சு ஆஷ் ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து பேசியிருக்கார். "நான்தான் தப்பு, அவங்கதான் சரி"ன்னு சீக்கிரமே முடிவுக்கு வந்தவங்க இருந்தாங்க. உங்க ஆராய்ச்சிய கெடுக்க வேண்டாம்னு கூட சேர்ந்துக்கிட்டேன்னு சொன்னவங்க இருந்தாங்க. இன்னும் சிலர் தன்கிட்ட ஏதோ குறை இருக்கு, அது வெளிய தெரியக்கூடாதுன்னு நினைச்சு மறைச்சிருக்காங்க, இது படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. பதில வாயால சொல்லாம ரகசியமா எழுதிக் குடுக்க விட்டா தப்பு நல்லா குறைஞ்சுடுது. அதனால பெரும்பாலும் கண்ணு மாறல, வாய்தான் மாறுச்சு.

ஆனா எல்லா நேரமும் அப்படி இல்ல. ஆஷுக்கு முன்னாடியே 1935ல முஸாஃபர் ஷெரீஃப், துருக்கியில பிறந்தவர், இன்னொரு விதமா செஞ்சிருக்கார். கும்மிருட்டு ரூம்ல ஒரு சின்ன வெளிச்சப்புள்ளி. அது அசையவே அசையாது, ஆனா இருட்டுல பாக்கற கண்ணுக்கு நகர்ற மாதிரி தெரியும். எவ்ளோ தூரம் நகர்ந்துச்சுன்னு கேட்டா தனியா இருக்கும்போது ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒண்ணா உக்கார வெச்சா கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் ஒரே அளவுக்கு வந்து சேர்றாங்க. அப்புறம் திரும்ப தனியா கேட்டாலும் அந்த குழு அளவுதான் வருது. இங்க யாரும் யாருக்கும் பயப்படல, பதிலே தெரியாத இடத்துல மத்தவங்க சொல்றத தகவலா எடுத்துக்கறாங்க. அது புத்திசாலித்தனம் கூட.

1955ல டாய்ட்ஷ், ஜெரார்ட் ரெண்டு பேரும் இத பிரிச்சு பேரு வெச்சாங்க. ஒண்ணு, மத்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்னு நம்பி போறது. இன்னொண்ணு, ஒதுக்கிடுவாங்களோ, சிரிப்பாங்களோன்னு போறது. உங்க மீட்டிங் ரெண்டாவது வகை. ஷெரீஃப் ரூம்ல உள்ளயே நம்பிக்கை மாறுது, உங்க ரூம்ல வெளிய சொல்றது மட்டும்தான் மாறுது, உள்ள எல்லாருக்கும் பழைய கருத்து அப்படியே உயிரோட இருக்கு.


மூணாவதுபெஞ்ச்:

சரி, அப்போ மில்கிராம்? ஸ்டான்ஃபோர்ட் ஜெயில்? அதையெல்லாம் வெச்சு பாத்தா மனுஷன் கூட்டத்துக்கும் அதிகாரத்துக்கும் எவ்ளோ சீக்கிரம் மடங்கறான்னு தெரியுதே.


சதுரகணக்கு:

ஸ்டான்ஃபோர்ட் ஜெயில தயவுசெஞ்சு ஆதாரமா கொண்டு வராதீங்க. 1971ல ஸிம்பார்டோ மாணவர்கள காவலராவும் கைதியாவும் நடிக்க வெச்சு பண்ணது, காவலரா நடிச்சவங்களுக்கு எப்படி கடுமையா நடந்துக்கணும்னு மேல இருந்தே வழிகாட்டினதுக்கு பின்னாடி ஆவணம் வெளிய வந்துடுச்சு, தானா மிருகமா மாறினாங்கங்கற கதை நிக்கல. அது இன்னமும் வகுப்புல அப்படியே போயிட்டு இருக்கறது எனக்கு ஆத்திரமா வருது.

மில்கிராம் வேற. அவர் ஆஷுக்கு உதவியாளரா வேலை பாத்தவர், அதனால இந்த இழையில அவருக்கு இடம் இருக்கு. சோதனைக்கு வந்தவர "ஆசிரியர்"னு உக்கார வெச்சு, பக்கத்து ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொன்னா ஒவ்வொரு தடவையும் கூடுதலா ஷாக் குடுக்க சொல்வாங்க, ஷாக் நிஜமில்ல, ஆனா அது அவருக்கு தெரியாது. 1963ல வந்த ரிசல்ட், 40 பேர்ல 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரைக்கும் போனாங்க, 65 சதவீதம். ஷாக் நிஜமில்லன்னு எத்தன பேருக்கு சந்தேகம் வந்துச்சுங்கறதுல இன்னிக்கும் சண்டை நடக்குது, அத மறைக்க கூடாது. ஆனா நம்ம பேச்சுக்கு தேவையானது அவர் செஞ்ச இன்னொரு வகை. பக்கத்துல இன்னும் ரெண்டு "ஆசிரியர்"கள உக்கார வெச்சு அவங்கள நடுவுல "என்னால முடியாது"ன்னு எழுந்து போக சொல்லியிருந்தார். அப்போ கடைசி வரைக்கும் போனது 40ல 4 பேர். வெறும் பத்து சதவீதம்! கூட்டம் மனுஷன கீழ இழுக்கும்னு சொல்றவங்க இந்த பக்கத்தயும் படிக்கணும், இங்க அதிகாரத்த எதிர்க்கற தெம்ப குடுத்ததே கூட இருந்தவங்கதான்.


கருமேகம்:

இதோட சேர்த்து புகை சோதனையையும் சொல்லணும், இரவுக்குருவியோட மீட்டிங்குக்கு அதுதான் ரொம்ப கிட்ட வருது. 1968ல லட்டானே, டார்லி. ஒரு ரூம்ல உக்காந்து படிவம் நிரப்பிட்டு இருக்கும்போது சுவத்துல இருக்கற துவாரம் வழியா புகை வரும். தனியா இருந்தவங்கள்ல 75 சதவீதம் எழுந்து போய் சொன்னாங்க. பக்கத்துல கண்டுக்காம எழுதிட்டே இருக்க சொல்லி ரெண்டு பேர வெச்சா 10 சதவீதம்தான். நடிக்க ஆளே வைக்காம மூணு பேருமே நிஜமான ஆளா இருந்தப்போ கூட 38 சதவீத குழுவுலதான் யாராவது ஒருத்தர் போய் சொன்னாங்க. மூணு பேருமே ஓரக்கண்ணால மத்த ரெண்டு பேர பாக்கறாங்க, மத்தவங்க அமைதியா இருக்காங்க, அப்போ ஆபத்து இல்ல போலன்னு மூணு பேரும் ஒரே நேரத்துல தப்பா புரிஞ்சுக்கறாங்க. ஒருத்தரோட தயக்கம் அடுத்தவருக்கு நிம்மதியா தெரியுது.

(இத வெச்சு "கூட்டம் இருந்தா யாரும் உதவ மாட்டாங்க"ன்னு சொல்றதும் தப்பு. 1964ல நியூயார்க்ல கிட்டி ஜெனோவீஸ்ங்கற பெண் கொலையானப்போ 38 பேர் வேடிக்கை பாத்தாங்கன்னு பத்திரிகையில வந்தது மிகைப்படுத்தினதுன்னு 2007ல வந்த ஆய்வு காட்டுது. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா தெரு கேமராவுல பதிவான 219 சண்டைய எடுத்து பாத்தப்போ பத்துல ஒன்பதுல யாராவது ஒருத்தர் குறுக்க வந்து உதவியிருக்காங்க. சண்டை நடக்குதுன்னு கண்ணுக்கு தெளிவா தெரியுது, அதனால வர்றாங்க. புகை மாதிரி என்னன்னு புரியாத விஷயத்துலதான் நாம மத்தவங்க முகத்த பாத்துட்டு நிக்கறோம்.)

அடுத்து, எல்லாரும் தனித்தனியா ஒரு மாதிரி நினைச்சுட்டு, மத்தவங்க எல்லாரும் வேற மாதிரி நினைக்கறாங்கன்னு நம்பறது. 1993ல பிரென்டிஸ், மில்லர் பிரின்ஸ்டன் மாணவர்கள்கிட்ட கேட்டாங்க. இந்த காம்பஸ்ல குடிக்கற பழக்கம் எனக்கு கொஞ்சம் சங்கடம்தான், ஆனா மத்தவங்களுக்கு ஓகே போலன்னு பெரும்பாலானவங்க நினைச்சாங்க. இன்னும் பெருசா ஒண்ணு, 2020ல வெளிவந்தது, சவூதி ரியாத்ல கல்யாணமான இளைஞர்கள்கிட்ட, பெண்கள் வீட்டுக்கு வெளிய வேலைக்கு போறது சரியான்னு கேட்டா பெரும்பாலானவங்க சரின்னாங்க, ஆனா அதே ஊர்ல மத்த ஆம்பளைங்க எவ்ளோ பேர் சரின்னு சொல்வாங்கன்னு கேட்டா ரொம்ப குறைச்சு சொன்னாங்க. நிஜ எண்ணிக்கைய சொன்னவுடனே நிறைய பேர் மனைவிக்கு வேலை தேட உதவற சேவையில சேர முன்வந்தாங்க. சில மாசம் கழிச்சு பாத்தா அந்த வீட்டு பெண்கள்ல வெளி வேலைக்கு விண்ணப்பம் போட்டவங்க, இன்டர்வியூ போனவங்க அதிகமா இருந்தாங்க. யாரோட மனசையும் யாரும் மாத்தல. மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு சொன்னாங்க, அவ்ளோதான்.


வெள்ளைப்பலகை:

கருமேகம், இது நான் முதல் பதிவுல சொல்ல வந்ததோட நேரா ஒட்டுது. "எல்லாரும் இப்படித்தான்"னு ஊரெல்லாம் சொல்றதே ஒரு செயல், அதுக்கு விளைவு இருக்கு. அரிசோனாவுல பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்னு ஒரு தேசியப் பூங்கா, கல்லா மாறின பழங்கால மரத்துண்ட வர்றவங்க எடுத்துட்டு போயிடறாங்க. சியால்டினிங்கற உளவியலாளரோட குழு ரெண்டு விதமா பலகை வெச்சு பாத்தாங்க, 2006ல வெளியிட்டாங்க. "முன்னாடி வந்தவங்க நிறைய பேர் எடுத்துட்டு போயிட்டாங்க, காடு மாறிடுச்சு"ன்னு வருத்தமா எழுதின பலகை இருந்த பாதையில திருட்டு 7.92 சதவீதம். "தயவுசெஞ்சு எடுக்காதீங்க"ன்னு மட்டும் எழுதின பாதையில 1.67. நல்ல நோக்கத்துல எழுதின வாக்கியம்தான், ஆனா அதுக்குள்ள "எல்லாரும் எடுக்கறாங்க"ங்கற சேதி ஒளிஞ்சிருக்கு. எல்லாரும் காப்பி அடிக்கறாங்க, எல்லாரும் லஞ்சம் வாங்கறாங்க, எல்லாரும் வாய மூடிட்டு இருக்காங்கன்னு புலம்பும்போது நாமளும் அந்த பலகையத்தான் நடறோம்.


மூணாவதுபெஞ்ச்:

இந்த கோணத்துல நான் யோசிச்சதில்ல, நல்லா இருக்கு. ஆனாலும் இரவுக்குருவிக்கு யாரும் நேரா பதில் சொல்லலையே. அவர் கேட்டது அடுத்த வாரம் என்ன பண்றதுன்னு. ஒத்த ஆளா எழுந்து பேசுங்கன்னு வீரமா சொல்லிட்டு நாம போயிடலாம், விளைவு அவருக்குதான்.


சதுரகணக்கு:

சரியான கேள்வி. ஆராய்ச்சியில இருந்து என்னால எடுக்க முடிஞ்சத சொல்றேன்.

மீட்டிங்குக்கு போறதுக்கு முன்னாடியே உங்க கருத்த எழுதிடுங்க. டாய்ட்ஷ், ஜெரார்ட் சோதனையில மத்தவங்க பதில கேக்கறதுக்கு முன்னாடி தன் பதில எழுதி வெச்சவங்க ரொம்ப கம்மியாதான் மசிஞ்சாங்க, எழுதினத யாருக்கும் காட்டாம அழிச்சுடலாம்னு இருந்தப்போ கூட ஓரளவு உதவிச்சு. முடிஞ்சா "எல்லாரும் ரெண்டு வரி எழுதிட்டு அப்புறம் பேசலாமா"ன்னு கேளுங்க, அது எதிர்ப்பா தெரியாது. மேலதிகாரி கடைசியில பேசினா இன்னும் நல்லது, ஆனா அது உங்க கையில இல்ல.

அதவிட முக்கியம், உங்ககிட்ட தனியா வந்து சொன்ன நாலு பேர். அவங்கள்ல ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. "நான் இத சொல்லப்போறேன், எனக்கு அப்புறம் நீங்களும் ஒரு வாக்கியம் சொல்லுங்க"ன்னு. இதோட உங்க கருத்து நியாயமா இருந்தா அத ஒரே மாதிரி, மாத்தாம சொல்லுங்க. 1969ல மாஸ்கோவிச்சி நீல நிற ஸ்லைட காட்டி ஆறு பேர்ல ரெண்டு பேர "பச்சை"ன்னு சொல்ல வெச்சார். விடாம எல்லா தடவையும் பச்சைன்னு சொன்னப்போ மத்தவங்க பதில்ல 8.42 சதவீதம் பச்சைன்னு வந்துச்சு, நடுநடுவுல மாத்தி சொன்னப்போ 1.25தான். சின்ன நம்பர்தான், ஆனா ரெண்டு பேர் நாலு பேர அசைக்க முடியும், தடுமாறினா முடியாது.


இரவுக்குருவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ஒரே ஒரு பயம், நான் பேசிடறேன், கூட பேசறேன்னு சொன்னவர் மேலதிகாரி முகத்த பாத்துட்டு பின்வாங்கிட்டா? முன்னவிட மோசமாயிடாதா?


வெள்ளைப்பலகை:

இதையும் ஆஷ் செஞ்சு பாத்திருக்கார், அதனால கற்பனையா சொல்லல. ஆறு ரவுண்டு வரைக்கும் சரியா சொன்ன அந்த துணை, திடீர்னு கூட்டத்தோட சேர்ந்துட்டார். நம்ம ஆளோட தப்பு 28.5க்கு ஏறிடுச்சு, துணை குடுத்த தைரியம் கிட்டத்தட்ட போயிடுச்சு. ஆனா இன்னொரு வகையில அந்த துணை கட்சி மாறல, வேற ஒருத்தர பாக்க போகணும்னு சொல்லிட்டு ரூம விட்டு போயிட்டார். அப்பவும் தப்பு கொஞ்சம் ஏறுச்சு, ஆனா அந்த அளவுக்கு இல்ல, அவர் போனதுக்கப்புறமும் அந்த பலம் மிச்சம் இருந்துச்சு.

அதனால ஆள தேர்ந்தெடுக்கும்போது இத பாருங்க. எல்லார் முன்னாடியும் பேச தைரியம் இல்லன்னா பரவால்ல, அவர்கிட்ட "பேச முடியலன்னா அமைதியா இருங்க, ஆனா திட்டம் சூப்பர்னு மட்டும் சொல்லிடாதீங்க"ன்னு கேட்டு வெச்சுக்கோங்க. அந்த அளவுக்காவது சம்மதிக்கறவர்கிட்ட பேசுங்க. முடிஞ்சா ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்.


இரவுக்குருவி:

ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்கு காலைல முதல் ஆள்கிட்ட பேசறேன். மீட்டிங் முடிஞ்சதும் இங்க வந்து எழுதறேன்.